முதலில் கிணறு, பிறகு மாடி

மூன்றாம் மாடிப் பெண் முதன்முதலாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு. நான் கல்கத்தாவில், ரயில்வேயின் சிக்னல் வரைபடப் பிரிவில் வேலை பார்ப்பவன். கார்டன் ரீச் அலுவலகத்திலிருந்து லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அன்றைய நாட்குறிப்பை எழுத உட்காரும் நேரம் அது. அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘மேல்வீட்டுக் கோயமுத்தூர்ப் பெண். ஐ.டி. வேலை. வரைபட மென்பொருள் பற்றிக் கேட்டார். ஆறு மாடி.’

எழுதாமல் விட்டது அதன் பிறகு நடந்த பேச்சு.

“அண்ணா, தொந்தரவு பண்றனுங்களா? ஆறு மாடி, ஒன்னு மேல ஒன்னு சரியா பொருந்தற மாதிரி வரையோணும். எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்ணா?”

“தரைத்தளம் சேர்த்து ஆறா, சேர்க்காமலா?”

“தரைக்கு மேல ஒன்னுமே இல்லீங்ணா. ஆறும் பூமிக்குள்ள.”

“ஆறு பேஸ்மென்ட்டா? இந்த ஊர் மண்ணுல ரெண்டு தோண்டினாலே தண்ணி வந்துடுமே.”

“தண்ணி நாலாவதுல இருக்குதுங்ணா. அதுல ஒரு முதலையும் இருக்குது.”

அடுக்களையில் மிக்ஸி நின்றது. என் மனைவி ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, “உள்ள வாம்மா. முதலைய பத்தி உக்காந்து சொல்லு” என்றாள்.

அவர் உட்கார்ந்து சொன்னார். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் ஆடும் கற்பனை ஆட்டம் அது. ஒருவர் ஓர் உலகத்தைப் படைத்து நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பூமிக்கடியில் அறைகளும் சுரங்கப் பாதைகளுமாகப் போகும் இடத்துக்கு டஞ்சன் என்று பெயர். நடத்துபவர் டஞ்சன் மாஸ்டர். ஆட்டக்காரர்கள் அவரை டிஎம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாட்கள் போகப்போக நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினோம்.

டிஎம் தன் டஞ்சனை ஏறக்குறைய இரண்டு வருடங்களாக, ஞாயிறு பிற்பகல்களில் நடத்தி வந்தார். ஆட்டக்காரர்கள் நால்வர், எல்லோரும் வங்காளிகள்: ஓர் இளம் டாக்டர், பள்ளியில் பூகோளம் கற்பிக்கும் அம்மையார் ஒருவர், டாக்டரின் பழைய கல்லூரித் தோழர்கள் இருவர். டாக்டரின் பாத்திரம் விந்தி விந்தி நடக்கும் ஒரு பூசாரி. அந்தப் பூசாரியின் தங்கையை யாரோ பிடித்துக்கொண்டு போய் ஆறாம் மாடியின் அடியில் வைத்திருக்கிறார்கள். அவளை மீட்கத்தான் இரண்டு வருடமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது டாக்டருக்கு மேற்படிப்புக்கு சண்டிகரில் இடம் கிடைத்துவிட்டது. இன்னும் நான்கு ஞாயிறுகள்தான். அவர்கள் நிற்பதோ இரண்டாம் மாடியில்.

“அவரு போனப்புறம் மத்தவங்கள வெச்சு முடிக்கலாமே?” என்று கேட்டேன்.

“அவரோட தங்கச்சிங்ணா. வேற யாரோ போய்க் கூட்டிட்டு வந்தா அது என்ன கதைங்க? நாலு வாரத்துல அவரு அடியில போய்ச் சேரலைன்னா அப்படியே மூடி வெச்சிருவேன்.”

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வேகமாக இறங்கவேண்டும் என்றால், ஆட்டக்காரர்கள் எந்த ஓட்டை வழியாக எங்கே குதித்தாலும் அது எங்கே போய் விழும் என்று உடனே தெரியவேண்டும். அவரிடம் இருந்ததோ நான்கு நீள நோட்டுகள் நிறையப் பென்சில் படங்கள். ஒவ்வொரு மாடியும் ஒவ்வோர் அளவில்.

அந்த நோட்டுகளை அன்றே பார்த்தேன். இருபத்தாறு வருடங்களாகப் பிறர் வரைந்ததைச் சரிபார்ப்பவன் நான். எளிதில் எதையும் மெச்சுபவன் இல்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தப் படங்களில் நேர்கோடு ஒன்றுகூட நேராக இல்லை. ஆனால் ஐந்தாம் மாடியில் ஒரு சமையலறை இருந்தது. அதன் அடுப்புப் புகை வெளியேற ஒரு குழாய். அது நான்கு மாடிகளையும் துளைத்து மேலே போனது. அதனால் இரண்டாம் மாடியில் ஓர் அறையின் கூரை கரி படிந்து கறுத்திருக்கும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கழுவிய நீர் எங்கே போகும், காவலர்கள் எந்த வழியாக முறை மாற வருவார்கள், எந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், எல்லாம் இருந்தன. யாரும் குடியிருக்காத இடத்தில் குடியிருப்பவர்களுக்காக இவ்வளவு யோசித்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

புதன் முதல் வெள்ளிவரை, அவர் செக்டர் ஃபைவ் ஐ.டி. அலுவலகத்திலிருந்து திரும்பியதும், எங்கள் சாப்பாட்டு மேசையில் மென்பொருள்களைச் சோதித்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன்: இரண்டாம் மாடியின் கிழக்குப் பகுதி, ஏழு அறைகள், ஒரு சுழல் படிக்கட்டு, ஒரு கிணறு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

முதலாவது இணையத்திலேயே ஓடுவது, இலவசம். சுட்டியை இழுத்தால் அறை. இன்னொரு இழுப்பில் நடைபாதை. சுவருக்கு வெளியே பாறையைக் காட்டும் சின்னச்சின்னக் குறுக்குக்கோடுகள் தாமாகவே விழுந்தன. நான் கையால் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆகும். மொத்தம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. அதை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் வரைகிறவனின் விரல் வலி தெரிந்த ஆள். குறை ஒன்றுதான்: ஒரு கோப்பில் ஒரு மாடி. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

அடுத்தது அலங்காரம். தீப்பந்தம், சிலந்தி வலை, உடைந்த பானை, நான்கு விதமான பாசி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மடிக்கணினியின் விசிறி மினிபஸ் மாதிரி இரைந்தது. ஒரு மணி நேரத்தில் ஓர் அறை முடிந்தது. என் மனைவி எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று, “அந்தப் பானைய இன்னும் கொஞ்சம் மூலைக்குத் தள்ளும்மா, கால்ல இடிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அறைக்கு நாங்கள் போகவே இல்லை.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. அலுவலகத்தில் பட்டியல் போடுகிற சாதாரண எக்செல் தாள். பத்திகளின் அகலத்தைக் குறைத்துக் கட்டங்களைச் சதுரமாக்கிவிட்டால் அதுவே வரைதாள். ஒரு மாடிக்கு ஒரு தாள். இரண்டாம் தாளில் எல்-14 என்ற கட்டத்துக்கு நேர்கீழே இருப்பது நான்காம் தாளின் எல்-14. முகவரியே பொருத்தத்தைச் சொல்லிவிடுகிறது. வட்டம் வரையத்தான் வராது. மற்றபடி எவ்வளவு அடக்கமான கருவி.

நான்காவது எனக்குப் பழகிய பொறியியல் வரைபட மென்பொருளின் இலவச வகை. ஒரே கோப்பில் ஆறு அடுக்குகள். கண்ணாடித் தாள்களைப் போல வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். முப்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று, ஆனால் ஒவ்வொரு கோடும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

“இதுதான்” என்றேன். “நோட்டை விட்டுட்டுப் போங்க. ஆறு மாடியும் நானே வரைஞ்சு தரேன்.”

“அய்யோ, எதுக்குங்ணா உங்களுக்குச் சிரமம்?”

“அவருக்குச் சிரமமா?” என்றாள் மனைவி. “பொங்கல் லீவுக்கே யார்டு பிளான் கொண்டுவர்ற மனுஷன்.”

அந்த வார ஞாயிறு பழைய படங்களோடு கழிந்தது. நான் மேலே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ரகசியங்கள் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவர் கண் என்மேல்தான். பேச்சு வங்காளமும் ஆங்கிலமும் கலந்து ஓடும். நான் பிறந்தது கரக்பூர் ரயில்வே காலனியில் என்பதால் எனக்குச் சிரமமில்லை. டாக்டர் என்னைக் ‘காகு’, அதாவது சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்.

“காகு, இந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு? கண்ணை மட்டும் ஒரு தடவை சிமிட்டுங்க.”

“எனக்குக் கண்ணுல பிரச்சினை. சிமிட்ட வராது.”

“டாக்டர் நான் இருக்கேன், பார்த்துடலாம்.”

“நீ எலும்பு டாக்டர்” என்றார் பூகோள அம்மையார். “பூஜைக்கு முன்னாடி கல்கத்தாவை விட்டுப் போற பாவி. பேசாம பகடையைப் போடு.”

வெளியே சந்தில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பொரியும் பேகுனி என்கிற கத்தரிக்காய் பஜ்ஜியும் ஒரு பெரிய தாளில் நடுவில் கிடந்தன. அன்று அவர்கள் ஓர் அறையைத்தான் தாண்டினார்கள்.

எட்டு மாலைகளில் நான் வரைந்து முடித்தேன். எண்பத்து நான்கு அறைகள். எல்லா எழுத்தும் ஒரே உயரம். ஒவ்வொரு நடைபாதைக்கும் நீளத்தை எண்ணில் குறித்திருந்தேன். டிஎம் அதைத் திரையில் பார்த்துக் கைதட்டினார். எனக்கும் அது சரியாக வந்திருப்பதாகவே தோன்றியது.

இரண்டாம் ஞாயிறு மூன்றே முக்காலுக்கு டாக்டரின் பூசாரி இரண்டாம் மாடிக் கிணற்றைக் கண்டுபிடித்தான். மாடிமாடியாக நடந்து இறங்க நேரமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். “கயிறு கட்டி இதுல நேரா இறங்கறோம்” என்றார் டாக்டர். இதைத்தான் டிஎம்மும் எதிர்பார்த்திருந்தார். அந்தக் கிணறு நான்காம் மாடியில் ஒரு பழைய கோயிலின் முற்றத்தில் திறக்கவேண்டும். அவர் திரையில் இரண்டாம் அடுக்கையும் நான்காம் அடுக்கையும் மட்டும் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. “அஞ்சு நிமிஷம் டீ” என்று சொல்லி எழுந்து என்னிடம் வந்தார்.

“அண்ணா, கிணறு எங்க விழுது பாருங்க.”

பார்த்தேன். கிணற்றின் நேர்கீழே கெட்டிப் பாறை. கோயில் முற்றம் பதினேழு கட்டம் தள்ளி இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. ஒரு ரயில் நிலைய யார்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும், ஊர் வளைகிறபடி வளையும். சிக்னல் வரைபடத்தில் அந்த வளைவைக் காட்டுவதில்லை. எல்லாத் தண்டவாளத்தையும் நேராக்கி, நீளத் தாளில் கோடு கோடாகப் போடுவோம். எந்தப் பாதையிலிருந்து எந்தப் பாதைக்கு வண்டி போகும் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். தூரத்தைப் பக்கத்தில் எண்ணாக எழுதிவிடுவோம். சாந்த்ராகாச்சி போன்ற பெரிய யார்டானாலும் சரி, இரண்டு தடங்கள் மட்டுமே உள்ள கிராமத்து நிலையமானாலும் சரி, தாளில் நேர்கோடுதான். டிஎம் நோட்டில் வடகிழக்காக மூன்று முறை வளைந்து போன நடைபாதைகளை என் கை என்னைக் கேட்காமலே நிமிர்த்தியிருந்தது. எண்கள் சரி. வரிசை சரி. இடம் மட்டும் தவறு. ஆறு மாடிகளிலும் தவறு.

வெட்கத்தில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: “கோயிலை நகர்த்திடலாம். நீங்க சொல்றதுதானே அங்க இருக்கும்? அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?”

“தெரியுமுங்ணா. டாக்டரு நோட்டப் பாத்திருக்கீங்களா? ரெண்டு வருசமா ஒவ்வொரு கட்டமும் எண்ணிப் போட்டுட்டு வர்றாரு. முதல் மாடில அந்தக் கோயில் மணிச்சத்தம் எங்கிருந்து கேக்குதுன்னு குறிச்சு வெச்சிருக்காரு. அத நம்பித்தான் இப்ப கயிறு கட்டறாரு. நான் நகர்த்துனா அவரு எண்ணுனதெல்லாம் வீணுங்க.”

திரும்பிப்போய் மேசையில் அவர்களிடம் நேராகவே சொன்னார்: “இடம் சரியாத்தான் இருக்கு. எங்க வரைபடம்தான் தப்பு. இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம். அடுத்த வாரம் கயிறை விடுங்க.”

நாலு மணி ஐந்து நிமிடம். இன்னும் இரண்டே ஞாயிறுகள்.  டாக்டர் என்னைப் பார்த்து, “காகு, ரயில் எல்லாம் சரியாத்தானே போகுது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டிஎம்மும் சிரித்தார். எனக்காகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அன்று ஆறு மணிக்கு அவர் நான்கு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

“நாம தலைகீழா ஆரம்பிச்சுட்டோமுங்ணா. ரூமெல்லாம் போட்டுட்டு ஓட்டையப் பொருத்தப் பாக்கறோம். மொதல்ல ஓட்டையப் போடுவோம். ஆறு மாடிக்கும் பொதுவா இருக்கறது அது மட்டுந்தான். மாடி அதச் சுத்தி வரட்டும்.”

எவ்வளவு எளிது. நில அளவைக்காரன் முதலில் நிலைப்புள்ளிகளை நடுகிறான், பிறகுதான் வயலை அளக்கிறான். எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அதை இங்கே பொருத்திப் பார்த்தது அவர்தான். நோட்டிலிருந்து மாடிகளைத் துளைத்துப் போகும் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்தோம். மூன்று கிணறுகள், நான்கு படிக்கட்டுகள், அந்தப் புகைக்குழாய், இரண்டு காற்றுக்குழிகள், ஓர் அருவி. பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எக்செல் தாளில் ஒரு முகவரி கொடுத்தோம்.

அலமாரியில் என்னிடம் டிரேசிங் தாள் சுருள் ஒன்று இருந்தது. ஆறு தாள்கள் வெட்டி ஒவ்வொன்றிலும் கட்டம் போட்டேன். முதல் தாளிலிருந்து இரண்டாவதுக்குப் புள்ளிகளைப் பெயர்த்து எழுதத் தொடங்கியபோது மனைவி தடுத்தாள்.

“ஆறு தடவை பேர்த்தா ஆறு தடவை தப்பு வரும். எல்லாத் தாளையும் அடுக்கி கிளிப் போட்டு ஊசியால ஒரே குத்தா குத்துங்க. ஜாக்கெட் துணி வெட்டுறப்ப நான் அப்படித்தான் குறி வைக்கிறேன்.”

டிஎம் அவளை அப்படியே பார்த்தார். “அக்கா, நீங்க இத்தனை நாளா எங்க இருந்தீங்க?”

“அடுப்பாங்கரையில. நீங்கதான் பானை தள்ளிக்கிட்டு இருந்தீங்க.”

ஊசியை அவளே எடுத்துவந்தாள். பதினொரு குத்து. தாள்களைப் பிரித்து ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால், ஆறிலும் அதே பதினொரு பொட்டுகள். பிறகு வாரம் முழுவதும் மாலைகளில் டிஎம் தன் நோட்டைப் பார்த்து அந்தப் பொட்டுகளைச் சுற்றி அறைகளை வரைந்தார். வளைந்த பாதை வளைந்தே போனது. நான் கட்டங்களை மட்டும் எண்ணிச் சொன்னேன். எங்காவது என் கை அளவுகோலை நோக்கி நகர்ந்தால், “அண்ணா” என்பார். எடுத்த இடத்தில் வைத்துவிடுவேன். முடிந்த தாள்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, அடுக்கு வசதியுள்ள சாதாரண ஓவிய மென்பொருள் ஒன்றில் ஏற்றினார். மேல் அடுக்கை மங்கலாக்கினால் கீழ் அடுக்கு தெரிந்தது. அலங்காரமோ குறுக்குக்கோடோ எதுவும் இல்லை. ஆனால் புகைக்குழாய் ஐந்தாம் மாடி அடுப்பிலிருந்து இரண்டாம் மாடிக் கரிக்கூரைக்கு ஒரு மயிரிழை பிசகாமல் ஏறியது.

என்னுடைய நேர்க்கோட்டு வரைபடத்தை அழித்துவிடலாம் என்றேன். அவர் விடவில்லை. அச்சிட்டுத் தரச் சொன்னார். எந்தக் கதவு எந்தப் படிக்குப் போகும், எங்கே சத்தம் போட்டால் எந்தக் காவலர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதற்கு அதுதான் வேகம் என்றார். “வடிவத்துக்கு அது, வழிக்கு இதுங்ணா.” மூன்று வாரம் மென்பொருள் மென்பொருளாகத் தேடியதற்கு விடை அதுதான் என்று அன்றைய குறிப்பில் எழுதினேன்: ஒரே படம் இரண்டு வேலையையும் செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது.

மூன்றாம் ஞாயிறு டாக்டர் கயிறைக் கட்டுவதற்குமுன் தன் நோட்டை விரித்தார். “நான் எண்ணினது சரின்னா, அறுபது அடியில கோயில் முற்றம். கிணத்துக்கு வடக்கே ரெண்டு கட்டத்துல மணி இருக்கணும்.”

டிஎம் முகத்தில் எதையும் காட்டவில்லை. “இறங்குங்க.”

பகடை உருண்டது. டிஎம் நிதானமாகச் சொன்னார்: “அறுபதாவது அடியில காலுக்குக் கல்தரை தட்டுப்படுது. வடக்கே ரெண்டு கட்டத்துல, பச்சை பிடிச்ச ஒரு பெரிய மணி.”

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் தூக்கினார். தேர்வு முடிவு வந்தபோதுகூட இப்படிக் குதிக்கவில்லை என்று தோழர் ஒருவர் சொன்னார். டிஎம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அன்று ஏழரை மணிக்குள் முதலையைத் தாண்டி ஐந்தாம் மாடிச் சமையலறைவரை போய்விட்டார்கள். அவர் ஒரு கண் திரையிலும் ஒரு கண் என் நேர்க்கோட்டுத் தாளிலுமாக நடத்திய விதத்தை நான் எங்கள் கட்டுப்பாட்டு அறைகளில்கூடப் பார்த்ததில்லை. நான்கு பேர் நான்கு திசையில் ஓடினார்கள். ஒருவரைக்கூட அவர் காக்கவைக்கவில்லை.

கடைசி ஞாயிறு இரண்டு மணிக்கே தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு விமானம். பந்தல் துணி போர்த்தி முடிந்து ஜன்னலில் பாதியை மறைத்திருந்ததால் அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டோம். என் மனைவியும் வந்து அமர்ந்தாள். ஐந்தாம் மாடியில் அம்மையாரின் வில்லாளிக்குப் பலத்த காயம் பட்டது. அவர் திரும்பிப் போகலாம் என்றார் டிஎம். “நான் போகமாட்டேன்” என்றார் அம்மையார். “இந்தப் பாவி ஊரை விட்டுப் போறான், நானும் பாதியில போனா நல்லாவா இருக்கும்?” ஆறு மணி இருபதுக்கு பூசாரி கடைசிக் கதவைத் திறந்தான். தங்கை இருந்தாள். உயிரோடு இருந்தாள். அவளாக டிஎம் பேசினார், இரண்டு மூன்று வாக்கியம்தான். டாக்டர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

டிஎம் நோட்டை மூடப்போனார். “அவ்வளவுதான். நீங்க எல்லாரும் பத்திரமா மேல வந்து சேர்றீங்க.”

“இல்ல” என்றார் டாக்டர். “எப்படி வந்து சேர்றோம்? அவ கால்ல பலம் இல்லை. நானும் நொண்டி. நடந்துதான் போகணும். நடக்கறோம்.”

“ஆரே, உன் அம்மா மூணு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க” என்றார் தோழர்.

“பண்ணட்டும்.”

அவர் தன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து அல்ல, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தார். படி ஏறி இடது, ஆறு கட்டம். வலது, கதவு, பதினான்கு. கிணற்றுக் கயிறு. டிஎம் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தார். நான் என் நேர்க்கோட்டுத் தாளின் பிரதியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். ஒவ்வொரு திருப்பமும் சரியாக வந்தது. இரண்டு வருடமாக இருட்டில் எண்ணி எண்ணி ஒரு மனிதர் கட்டிய படமும், அதைப் படைத்தவரின் படமும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே படிந்தன.

இரண்டாம் மாடிக்கு வந்தபோது அவர், “இடது, ஒன்பது கட்டம், அப்புறம் சுழல் படி” என்றார்.

என் தாளில் பத்து. வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. “பத்து” என்றேன்.

“ஒன்பது, காகு.”

“பத்து.”

டிஎம் மேசைமேல் இருந்த நான்கு நோட்டுகளில் அடியில் இருந்ததை உருவிப் பக்கத்தைப் புரட்டினார். பென்சில் கட்டங்களை விரல்நுனியால் எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்.

“ஒம்போதுங்ணா.”

“நல்லவேளை” என்றார் டாக்டர், “செவ்வாய்க்கிழமை நான் ரயில்ல போகலை.”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதே சிரிப்போடு அவர்கள் முதல் மாடியைக் கடந்தார்கள். ஏழு மணி ஐம்பதுக்கு நால்வரும் தங்கையோடு வெளியே வந்தார்கள். டாக்டரின் தொலைபேசி மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்தார். “வெளியே வந்துட்டோம்மா” என்றார். வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாக அவர் அம்மா நினைத்திருக்கவேண்டும். அவர் திருத்தவில்லை. டிஎம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேகுனித் தாளை மடித்தார். தேவைக்கு அதிகமாகவே மடித்தார்.

நாங்கள் கீழே வந்தோம். எங்கள் தொழிலில் வரைபடத்தின் வலது ஓரத்தில் திருத்தங்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. திருத்தத்தின் எண், என்ன மாற்றம், யார் கண்டது. நான் பத்தை அடித்து ஒன்பது என்று போட்டேன். முதல் திருத்தம் என்று எழுதினேன்.  கண்டவர் என்ற இடத்தில் ‘பூசாரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.